(அ) முதல் (ஈ) வரை

ஆனையூரிலிருந்து இரண்டு பஸ் மாறி
கே.கே. நகர் அலுவலகத்துக்கு வந்தாள் ஜெயக்கொடி.
உள்ளங்கையில் மாவு வாளியின் பிடி பதிந்த தழும்பு,
துணிக்கடைப் பையில் வங்கிக் கடிதம்.

வீட்டுக் கடன். மாறும் வட்டி.
மாதத் தவணை ஏறவில்லை, அதுதான் தந்திரம்;
பதினைந்து வருடம் பத்தொன்பது ஆகியிருந்தது.
"என் வயசுல நாலு வருசத்தச் சேத்து எழுதிட்டாக சார்.
யாரு எழுதுனது?"

எம்.பி. டெல்லியில். நான்தான் இருந்தேன்,
அவருக்குக் கேள்வி எழுதிக் கொடுக்கும் சம்பளக்காரன்.
சொன்னேன்: மும்பையில் ஒரு மேசை, ஆறு பேர்.
மூவர் வங்கிக்கு உள்ளிருந்து, மூவர் வெளியிலிருந்து.
கைகள் சமமாகப் பிரிந்தால்
ஆளுநருக்கு இன்னொரு கை முளைக்கும்.

"வெளியில இருந்துன்னா, ஆனையூர்ல இருந்தா?"
பேராசிரியர்கள் என்றேன், அப்படிப்பட்டவர்கள்.
"அவுகள யாரு எடுத்தா?"
ஒரு தேர்வுக் குழு.
"எடுக்கும்போது நம்ம எம்.பி. எதுவும் கேட்டாரா?"

பேப்பர் வெயிட்டை இடமிருந்து வலமாக நகர்த்தினேன்.
கேட்கும் வழக்கம் இல்லை.

"எங்க மகளிர் குழுவுக்கு
இன்னாசியம்மாளப் பொருளாளராப் போடுறதுக்கு முன்னாடி
சத்துணவுக் கூடத்துல ஒக்கார வச்சு
மதியம் ரெண்டுல இருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் கேட்டோம் சார்.
தம்பி கடைக்கு ஜாமீன் போட்டிருக்கியா?
சீட்டுப் பணத்தோட ஓடுனவுக ஒன் சொந்தத்துல உண்டா?
ஒன் மருமகளே கடன் கேட்டு வந்தாலும் வரிசையில நிப்பாளா?
அழுதா. விட்டோமா?
அழுது முடிச்சுப் பதில் சொன்னா.
அழுததையும் நோட்டுல எழுதுனோம்.
மொத்தமே நாப்பத்திரண்டாயிரம் ரூவா."

அன்றிரவு தட்டச்சு செய்தேன்.
நூற்றைம்பது சொல்லைத் தாண்டக் கூடாது.
'யாரு எழுதுனது' என்பதைக் கழுவிக் காயவைத்து
'நிதி அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா' ஆக்கினேன்.
தம்பி கடை 'நலன் முரண்பாடு' ஆனது.
வரிசையில் நின்ற மருமகள்
'வெளிப்படைத்தன்மை'க்குள் மூச்சு முட்ட உட்கார்ந்தாள்.
அழுகைக்கு மட்டும் சொல் கிடைக்கவில்லை.
கடைசியில் (ஈ):
நியமனத்துக்கு முன் இவர்களை
நாடாளுமன்றக் குழு நேரில் விசாரிக்கும் திட்டம் உண்டா,
உண்டெனில் விவரம், இல்லையெனில் காரணம்.

குலுக்கலில் நட்சத்திரம் விழவில்லை.
அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்லத் தேவையில்லாத கேள்வி
காகிதமாகப் போய்க் காகிதமாகத் திரும்பியது.
(அ) முதல் (இ) வரை: நியமனங்கள் சட்டப்படி நடைபெற்றுள்ளன.
(ஈ): இல்லை. கேள்வி எழவில்லை.

மறுபடி இரண்டு பஸ்.
வாசித்துக் காட்டினேன்.
கடைசி இரண்டு சொல்லை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.
"எழலையா?
காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு
மாவாட்டி வச்சுட்டு வந்து
நாந்தான எழுப்பிவிட்டேன்."

சட்டத்துக்காக நானும் கொஞ்சம் பேசினேன்:
பதினாலாம் நாள் யார் என்ன சொன்னார் என்று வெளியிடுவார்கள்,
வெளி ஆட்களுக்கு நாலே வருடம், மறுபடி கிடையாது.
"அவுகளுக்கும் நாலு வருசந்தானா" என்றாள்,
கடிதத்தைப் பார்த்து.

பதிலுக்கு ஒரு நகல் கேட்டாள்.
குழு நோட்டில் ஒட்ட வேண்டுமாம்,
இன்னாசியம்மாளை விசாரித்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்.
படியிறங்கியவள் பாதியில் நின்றாள்.
"அடுத்த கூட்டத்தொடர் எப்ப?"
ஜூலையில் இருக்கும்.
"அப்பவும் போடுங்க.
இந்தத் தடவ
மருமகள அப்படியே எழுதுங்க."